உலோகக் கண்ணாடியில் நடப்பது தளர்வா, தணிவா?

உலோகக் கண்ணாடி என்பது அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்ளாமல் உறைந்துபோன உலோகம். அதைச் சூட்டில் வைத்திருக்கும்போது அணுக்களின் அமைப்பு மெல்ல மாறுவதை (structural relaxation) ‘கட்டமைப்புத் தளர்வு’ என்கிறார்கள். அந்தச் சொல்லை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. தகைவுத் தளர்வு (இழுத்துப் பிடித்த பொருளுக்குள் இருக்கும் விசை நேரம் செல்லச் செல்லக் குறைவது) என்பது சரி, அங்கே தகைவு உண்மையிலேயே தளர்கிறது. இங்கே பொருள் இறுகுகிறது. இந்தச் சொல்லை வைத்துப் படிக்கிற மாணவர் அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன என்றுதான் எடுத்துக்கொள்வார், நடப்பதோ நேர்மாறு.

1960இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் போல் டூவேயின் குழு தங்கமும் சிலிக்கானும் கலந்த உருகுகலவையை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவிலான வேகத்தில் குளிர்வித்தது. படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமே கிடைக்காததால் அணுக்கள் நீர்மத்தின் ஒழுங்கின்மையோடு அப்படியே உறைந்துபோயின. அந்த அவசரத்தில் அவற்றுக்கிடையே கொஞ்சம் உபரி இடம் மாட்டிக்கொள்கிறது. நீர்மங்களுக்காக 1959இல் கோஹனும் டர்ன்புல்லும் வைத்த இந்தக் கருத்தை, உலோகக் கண்ணாடி எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதை விளக்க 1977இல் ஸ்பேப்பன் எடுத்துக்கொண்டார்.

இந்த உபரி இடத்துக்கு (free volume) ‘வெற்றிடம்’ என்று எழுதுவது பெரிய குழப்பம். படிகத்தில் ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் அதுதான் வெற்றிடம், இன்ன இடம் என்று சுட்டிக்காட்டலாம். இங்கே அப்படி ஒரு முழு அணு அளவுக்கு ஓட்டை கிடையாது. எல்லா அணுக்களுக்கும் இடையே கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருக்கிறது, ஆற்றல் செலவில்லாமல் ஓர் அணுவின் பக்கத்திலிருந்து இன்னோர் அணுவின் பக்கம் கைமாறக்கூடியது என்பதுதான் அதன் இலக்கணமே. ‘கட்டற்ற பருமன்’ தவறில்லை, ஆனால் கட்டற்ற மென்பொருள் நினைவுக்கு வந்துவிடுகிறது. நான் சொல்வது ‘இளக்கப் பருமன்’. முடிச்சு இளக்கமாக இருக்கிறது என்கிறோமே, அந்த இளக்கம். அணு அசைய இடம் தருவதும் அதுதான், பொருள் இளகி ஓடக் காரணமும் அதுதான். பாலிமர்க்காரர்களுக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

சரி, தளர்வுக்கு வருவோம். கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலைக்கு (கண்ணாடி இளகி நீர்மம்போல ஓடத் தொடங்கும் சூட்டுக்கு) கீழே இந்தக் கண்ணாடியைச் சூடாக்கி அதே சூட்டில் வைத்திருந்தால் இளக்கப் பருமன் குறைகிறது. அடர்த்தி அரை விழுக்காடுகூட ஏறுவதில்லை, ஆனால் பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் தன்மை, பல மடங்கு ஏறிவிடுகிறது. சுமார் 25 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இரும்பு அடிப்படை நாடாவைப் பாருங்கள்: வார்த்த கையோடு இரண்டாக மடித்தாலும் உடையாது, பதனாற்றிய (சூட்டில் வைத்திருந்து ஆறவிட்ட) பிறகு அதையே மடித்தால் பட்டென்று முறிகிறது. மின்மாற்றி உள்ளகத்துக்குக் காந்தப் பண்பு வேண்டும் என்பதற்காகப் பதனாற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் இந்த முறிவைத் தாங்கிக்கொள்கிறார்கள். இதைப் போய்த் தளர்வு என்று எப்படி எழுதுவது?

அப்படியானால் ‘இறுகல்’ என்றே சொல்லிவிடலாமே என்று தோன்றும். எனக்கு அதுவும் ஒத்துவரவில்லை. பல்லேடியம் அடிப்படைக் கண்ணாடியை ஒரு வெப்பநிலையில் சமநிலை வரும்வரை வைத்திருந்துவிட்டு, அப்புறம் சற்று உயர்ந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோனால் பாகுநிலை நேரம் செல்லச் செல்லக் குறைகிறது, அதாவது இளக்கம் கூடுகிறது. அதற்கும் இதே பெயர்தான். இரண்டு திசைக்கும் பொதுவானது கட்டிலா ஆற்றல் (free energy, பொருள் சமநிலையை நோக்கிப் போகப் போகக் குறைகிற ஆற்றல்) குறைவது ஒன்றே. ஆகவே ‘கட்டமைப்புத் தணிவு’. காய்ச்சல் தணிகிறது, கோபம் தணிகிறது என்று சொல்லும்போது மிஞ்சி நின்ற ஒன்று தன் நிலைக்குத் திரும்புகிறது என்பதுதானே பொருள்? வெப்ப அளவீட்டிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம்: வார்த்த நாடாவை முதல் முறை சூடேற்றும்போது கண்ணாடிநிலை மாற்றத்துக்கு முன்னால் வெப்பம் வெளியேறி வரைகோட்டில் அகலமான ஒரு மேடு தெரியும், அதே துண்டை மாற்ற வெப்பநிலை வரை கொண்டுபோய் மெதுவாக ஆறவிட்டு மறுபடி சூடேற்றினால் அந்த மேடு இருக்காது.

அதிர்வு தணிவதோடு குழம்பாதா என்றால், அதற்குத் ‘தடையுறு’ என்ற அடைமொழி ஏற்கெனவே இருக்கிறது. தணிவு நேரம், ஆல்ஃபா தணிவு (மெதுவானது), பீட்டா தணிவு (வேகமானது) எல்லாம் இடறாமல் வருகின்றன. திரவ நைட்ரஜனில் குளிர்விப்பதும் மறுபடி அறை வெப்பநிலைக்குக் கொண்டுவருவதுமாக மாறி மாறிச் செய்து, இழந்த இளக்கத்தை மீட்கும் முறைக்கு (rejuvenation) ‘மீளிளக்கம்’ என்று வைக்கலாம். இதில் மட்டும் எனக்குப் பிடிவாதம் இல்லை, ‘இளமீட்பு’ என்று யாராவது சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.