வால்பாறை: நாலு பேர், அதில் ரெண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். எப்படிப் போவது?

லயத்துக்கிளி (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். தைப்பூசம் முடிந்ததும் பிப்ரவரியில் தமிழ்நாடு போகிறோம். நாலு பேர். இரண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு), ஊசி போடுகிறவர். பழனி கட்டாயம் உண்டு. ஊட்டியும் கொடைக்கானலும் வேண்டாம். சனிக்கிழமை கேமரன் மலையில் நெரிசலில் காடிக்குள்ளேயே (காருக்குள்) உட்கார்ந்திருப்பதை அங்கே போயும் அனுபவிக்க வேண்டுமா? தோட்டம் சூழ்ந்த சின்ன ஊர், சத்தமில்லாத இடம் போதும். வால்பாறை சரிவருமா?

திருச்சியில் இறங்கி ஒரே நாளில் மேலே ஏறிவிடலாமா? டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் எல்லாம் போகிற வழிதானே? அறையை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா, இல்லை இங்கிருந்தே பதிந்துவிட வேண்டுமா? கேமரன் அளவுக்குக் குளிருமா?

மஞ்சள்போர்டு

ஊர் சரிவரும் அக்கா. ஆனால் ஒரே நாளில் ஏறாதீர்கள்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் சுமார் 4 மணி நேரம். அதற்கு முன்பே ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு பஸ் பயணம் ஒன்று இருக்கிறது. திருச்சியிலிருந்து திண்டுக்கல், பழனி வழியாகப் பொள்ளாச்சி 200 கிலோமீட்டருக்கு மேல். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை இன்னொரு 65. எண்ணைப் பார்த்தால் பக்கம்தான் என்று தோன்றும். ஆனால் அந்த 65-ல் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். காடியில் இரண்டரை மணி, பஸ்ஸில் மூன்று. திருச்சியில் காலை இறங்கினாலும் மலையடிவாரம் சேரப் பொழுது சாய்ந்துவிடும். இருட்டில் அந்தப் பாதையில் ஏறவே கூடாது. பனிமூட்டம் ஒரு காரணம். யானை இன்னொன்று.

அதனால் முதல் இரவு பழனி. மறுநாள் தரிசனம் முடித்து, 65 கிலோமீட்டர் போய்ப் பொள்ளாச்சியில் இரண்டாவது இரவு. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருப்பீர்கள்.

பழனியில் ஒன்று. அங்கே தைப்பூசம் பத்து நாள் திருவிழா. பாதயாத்திரை வந்த கூட்டம் திருவிழா முடிந்தும் சில நாள் கலையாது. பூசம் முடிந்து ஒரு வாரமாவது விட்டுப் போங்கள். 693 படி மூட்டுவலிக்கு ஆகாது. விஞ்ச் (இழுவை ரயில்), ரோப்கார் இரண்டும் உண்டு. ரோப்கார் பலத்த காற்றடித்தால் நிற்கும், பராமரிப்புக்கும் மூடுவார்கள். விஞ்சை நம்பிப் போங்கள், ரோப்கார் ஓடினால் லாபம்.

டாப்ஸ்லிப் வழியில் இல்லை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டுமே ஆனைமலைதான், இரண்டுக்குமே பொள்ளாச்சிதான் வாசல், ஆனால் ரோடு வேறு. டாப்ஸ்லிப்புக்குச் சேத்துமடை வழி. பரம்பிக்குளத்துக்கும் அதையே பிடித்து உள்ளே போக வேண்டும். வால்பாறைக்கு ஆழியாறு வழி. ஒன்றை முடித்துக் கீழே இறங்கித்தான் மற்றதற்கு ஏற முடியும். பெரியவர்களோடு ஒன்று போதும்.

வாடகைக் காடி பேசும்போது மஞ்சள் நம்பர் பிளேட்டா என்று கேளுங்கள். வெள்ளை பிளேட் சொந்த வண்டி. வாடகைக்கு ஓட்டினால் சோதனைச் சாவடியில் பிடித்து நிறுத்துவார்கள், உங்கள் அரை நாள் போய்விடும். பல வண்டிக்காரர்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் என்று குறைந்தபட்சக் கணக்கு வைப்பார்கள். டிரைவர் பேட்டா, சுங்கம், மலைக்கான கூடுதல் எல்லாம் தனித்தனி. மேலே இரண்டு நாள் வண்டி சும்மா நிற்கும், அதற்கும் கணக்கு ஓடும். மொத்தத் தொகையாகப் பேசி வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா என்று விடுதியில் கேளுங்கள். இல்லையென்றால் அவர் காடியிலேயே தூங்குவார், மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு 40 வளைவு இறக்குவார்.

வளைவில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் வளைவுக்கு மேலேயே நின்று வழிவிட வேண்டும். ஏறும் வண்டி வெளிப்பக்கமாக அகலமாக எடுத்துத்தான் திரும்ப முடியும், பஸ் என்றால் ரோடு முழுக்க வேண்டும். அதனால் உங்கள் டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்தால் எரிச்சல்படாதீர்கள், அடிக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஏழு பேர் வண்டி எடுத்தால் கடைசி வரிசையை மூட்டைக்கு விடுங்கள், குமட்டல் அங்கேதான் ஆரம்பிக்கும். காலையில் பரோட்டா, பூரி வேண்டாம். இரண்டு இட்லியோடு கிளம்புங்கள். வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் அரை மணி முன்பே ஆழியாறில் போட்டுவிட வேண்டும், ஐந்தாவது வளைவில் போட்டுப் பயனில்லை. கழிவறையும் அங்கேயே முடித்துவிடுங்கள்.

9-வது வளைவில் லோம்ஸ் வியூ. ஆழியாறு அணை முழுதும் கீழே தெரியும். வரையாடு அங்கே ரோட்டோரமாகவே நிற்கும். இறங்கலாம், ஆனால் கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும்.

கடப்பிதழ்_கணக்கர்

ரோட்டைப் பற்றி அண்ணன் எழுதியாயிற்று. நம்மவர்கள் வால்பாறையில் சிக்குவது வளைவில் இல்லை, விடுதி வாசலில்.

நீங்கள் தமிழ் பேசுகிறீர்கள், முகமும் அந்த ஊர் முகம். ஆனால் கையில் இருப்பது மலேசியக் கடப்பிதழ். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே 'சி ஃபார்ம்' என்பார்கள். ஊட்டி மாதிரி ஊர்களில் இது பழகிய வேலை. சின்ன ஊரில் பல விடுதிகளும் ஹோம்ஸ்டேகளும் அந்தத் தளத்தில் பதிவே செய்திருக்க மாட்டார்கள். இணையத்தில் முன்பதிவு ஆகிவிடும், பணமும் போய்விடும், மாலை ஐந்து மணிக்குக் கடப்பிதழை நீட்டினால் 'ஃபாரினர்ஸ் எடுக்கறதில்லைங்க' என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர்மேல் குறையில்லை, சட்டம் அவரைத்தான் கேட்கும். ஆனால் உங்களுக்கு அந்த நேரத்தில் கீழே இறங்கவும் முடியாது.

ஆகவே பதிவதற்கு முன் போன் போட்டு 'மலேசியா பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?' என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் கடப்பிதழ், விசா இரண்டின் படத்தையும் அனுப்பி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்காரருக்குக் கீழ்த்தளமா, மேற்கத்திய கழிவறையா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

இ-விசாவில் வழக்கமாக இடறும் இடம் பெயர். நம் கடப்பிதழில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. படிவத்தில் 'கிவன் நேம்' கட்டத்தில் முழுப் பெயரையும் போட்டு, 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஏ/எல், ஏ/பி-யில் (இன்னாரின் மகன், மகள் என்ற குறி) உள்ள சாய்கோட்டைத் தட்டாதீர்கள். கடப்பிதழின் அடியில் உள்ள இயந்திர வரியில் எப்படி இடம் விட்டிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். விமானச் சீட்டிலும் அதே பெயர். படம் சதுரமாக, 1 எம்பி-க்குள். கடப்பிதழ் நகல் பிடிஎஃப், 300 கேபி-க்குள். கைபேசியில் ஸ்கேன் செய்தால் 2 எம்பி வந்து நிற்கும், சுருக்கித்தான் ஏற்ற வேண்டும். முகவரி gov.in என்பதில் முடிகிறதா பாருங்கள். அரசுத் தளம் போலவே வேடமிட்ட தரகர் தளங்கள்தான் தேடலில் முதலில் வரும், இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள்.

2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டவர் இ-அரைவல் கார்டும் நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள். கட்டணம் கிடையாது, கேட்டால் அது போலித் தளம்.

2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கு வண்டி இ-பாஸும் வந்துவிட்டது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்தே உண்டு. வண்டி எண்ணை வைத்துத்தான் பாஸ், ஆகவே டிரைவரையே எடுக்கச் சொல்லுங்கள். ஆழியாறு சாவடியில் பார்ப்பார்கள். அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை.

லயத்துக்கிளி

சி ஃபார்ம் விஷயம் தெரியவே தெரியாது, நன்றி ஐயா. நாங்கள் பார்த்து வைத்த இரண்டு ஹோம்ஸ்டேயில் ஒன்று 'எடுப்பதில்லை' என்று சொல்லிவிட்டது. நல்லவேளை.

மூட்டுவலியோடு மேலே என்ன பார்க்க முடியும்? தேயிலைத் தோட்டத்துக்குள் போய் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பார்க்கலாமா? விலங்கு பயம் எந்த அளவுக்கு?

அட்டைக்கடி

முதலில் குளிர். கேமரன் மலையின் தானா ராத்தா 1,440 மீட்டர், வால்பாறை 1,100 பக்கம். பிப்ரவரியில் பகலில் நல்ல வெயில், இரவுக்கு ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். பிப்ரவரி நல்ல மாதம்தான், ஒரே குறை அருவிகள் மெலிந்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை போகவே வேண்டாம். பக்கத்திலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மண் சரியும், மரம் விழும், ரோடு அடைபடும். அட்டை வேறு. பால்மர (ரப்பர்) காட்டு அட்டையைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதில்லை, ஆனால் இனிப்புநீர் உள்ளவருக்குக் கடித்த இடம் ஆற நாளாகும். பிப்ரவரியில் அட்டை குறைவு. இருந்தாலும் புல்லில் இறங்கினால் காலுறைக்குள் பேண்டைச் செருகிக்கொள்ளுங்கள்.

நடக்காமல் பார்க்க முடிந்தவை: சோலையாறு அணை, போகிற வழியில் கூழாங்கல் ஆறு. ஆற்றங்கரையில் உட்காரலாம், இறங்க வேண்டாம். மேலே கூழாங்கல், முழங்கால் தண்ணீர் என்று தெரியும். நாலடி தள்ளினால் திடீர்ப் பள்ளம். அந்தப் பக்கத்து ஆறுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. நல்லமுடி பூஞ்சோலை காட்சிமுனைக்குத் தேயிலைக்கு நடுவே மேடுபள்ளமான நடை, கருமலை பாலாஜி கோயிலுக்கும் வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடை உண்டு. மூட்டுவலிக்காரர் தீர்மானித்துக்கொள்ளட்டும். சின்னக்கல்லாறு அருவிக்குத் தொங்கு பாலம் தாண்ட வேண்டும், அவருக்கு வேண்டாம்.

புதுத்தோட்டம் பக்கம் ரோட்டிலேயே சோலைமந்தி பார்க்கலாம். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, சிங்கம் போல் குஞ்சமுள்ள வால். மேற்குத் தொடர்ச்சி மலை தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு. மேலே அண்ணாந்து பாருங்கள், ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு மரத்தை இணைத்து ஏணி மாதிரி தொங்கும். அவை வண்டியில் அடிபடாமல் கடக்கப் போட்ட பாலம். வாழைப்பழம் நீட்டினால் அவை பாலத்தை விட்டுத் தரைக்கு இறங்கிவிடும், அப்புறம் டயரில்தான் முடியும். நீட்டாதீர்கள்.

தோட்டம் எல்லாம் தனியார் நிலம். ரோட்டில் நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். உள்ளே இறங்க அலுவலகத்தில் கேட்க வேண்டும். அங்கே லயத்தை 'லைன்' என்பார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் சுற்றுலா வேண்டாமே. நம் லயத்தில் யாராவது கேமராவோடு வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? கொழுந்து பறிக்கிறவர்களிடம் பேச ஆசை என்றால் எடை போடும் நேரம் நல்லது. அப்போது கை ஓய்வாக இருக்கும். பறிக்கிற நேரத்தில் கூப்பிட்டால் கிலோ குறையும், அது அவர்கள் கூலி.

இப்போது விலங்கு. யானைக்கு ஒரு ஏற்பாடு உண்டு. தோட்டங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது மின்னினால் சுமார் ஒரு கிலோமீட்டர் சுற்றில் யானை நிற்கிறது என்று பொருள். வேலை முடிந்து வருகிறவர்கள் தூரத்திலேயே பார்த்து வழியை மாற்றிக்கொள்வார்கள். உங்கள் டிரைவர் வெளியூர்க்காரர் என்றால் இது தெரியாது, சொல்லி வையுங்கள். நம் பேராக்கில் கிரிக் பக்கம் இரவில் ஓட்டியவர்களுக்குப் பாடம் ஒன்றுதான்: நிறுத்து, ஹார்ன் அடிக்காதே, விளக்கைத் தாழ்த்து, அது போகட்டும்.

யானையை விடச் சிறுத்தைக்குத்தான் நான் பயப்படச் சொல்வேன். தேயிலைச் செடி இடுப்பளவு, அதற்குள் படுத்தால் தெரியாது. ஆறு மணிக்கு மேல் விடுதி முற்றத்தைத் தாண்டாதீர்கள். 'சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் காலாற நடப்போம்' என்பது வால்பாறையில் கிடையாது.

மூனாறுவாசி

திரும்பும்போது வந்த வழியே ஏன் இறங்க வேண்டும்? மளுக்குப்பாறை வழியாகக் கேரளா, அதிரப்பள்ளி அருவி, சாலக்குடி, கொச்சியில் விமானம். காடு அருமையாக இருக்கும்.

மஞ்சள்போர்டு

காடு அருமைதான், இவர்களுக்கு வேண்டாம். வண்டிக்குக் கேரளா பெர்மிட் தனிச் செலவு, திரும்பு சீட்டோ திருச்சியிலிருந்து. வழியில் கடையோ கழிவறையோ அரிது, சிக்னலும் இல்லை. மாலைக்குப் பிறகு சுற்றுலா வண்டியை உள்ளே விடமாட்டார்கள். ஊசி போடுகிறவர் சாப்பாட்டு நேரம் தவறிக் காட்டு நடுவில் நின்றால் என்ன செய்வது?

அதைப் பற்றியே ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், டாக்டர் சீட்டோடு. வால்பாறையில் அரசு மருத்துவமனை உண்டு, பெரிய சிகிச்சை என்றால் பொள்ளாச்சிக்குத்தான் இறங்க வேண்டும். பிஸ்கட், குளுக்கோஸ் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ரொக்கத்தைப் பொள்ளாச்சியிலேயே எடுத்துவிடுங்கள். அங்கே பெட்டிக்கடை வரை கியூஆர்தான், நம் வங்கி ஆப் அதைப் படிக்காது. பிளக்கும் மாறும், நம் சதுர மூன்று முள் அங்கே நுழையாது, வட்ட முள் அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரைபடத்தைக் கீழேயே கைபேசியில் இறக்கி வையுங்கள்.

கடப்பிதழ்_கணக்கர்

தேயிலைத்தூள் வாங்கினால் முத்திரையிட்ட பொட்டலமாக வாங்குங்கள். செடி, விதை, பச்சைப் பழம் வேண்டாம், கோலாலம்பூர் விமான நிலையத்தில் அனுமதிச் சீட்டு கேட்டுப் பறித்துக்கொள்வார்கள். பாட்டிகள் முருங்கைக் கொம்பை மடியில் சுற்றிக் கொண்டுவருவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

லயத்துக்கிளி

அதுதான் நடக்கப்போகிறது, சொல்லி வைக்கிறேன். திங்கள் ஏறி வியாழன் இறங்குகிறோம். இரண்டாவது ஹோம்ஸ்டே சி ஃபார்ம் போடுவதாக எழுத்தில் கொடுத்துவிட்டது, கீழ்த்தள அறையும் உண்டாம்.