108 ஆம்புலன்ஸ் வேலை: பயிற்சிக்கு முன்பே என்ன கற்றுக்கொள்ளலாம்?

செஞ்சி மாணவி:
வணக்கம். விலங்கியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன், வயது 20. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தேர்வு முடிந்ததும் 108 மருத்துவ உதவியாளர் வேலைக்கான நேர்முகத்துக்குப் போக நினைத்திருக்கிறேன். செவிலியர் படிப்பு இல்லாவிட்டாலும் உயிரியல் சார்ந்த பட்டம் போதும், தேர்வானால் 50 நாள் பயிற்சி உண்டு என்று அறிவிப்பில் பார்த்தேன்.

போன ஆடியில் அப்பாவின் நண்பர் எங்கள் கண்ணெதிரே மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். சுற்றி நின்ற யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, எனக்கும்தான். ஆம்புலன்ஸில் வந்த அக்கா நேராக அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, கழுத்து அசையாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகள் இன்னும் நினைவில் நிற்கின்றன. இடையில் ஆறு மாதம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

இரவுப்பணி:
தங்கையே, 11 வருடமாக விழுப்புரம் மாவட்டத்தில் இதே வேலையில் இருக்கிறேன். மருந்துப் பெயர்களை இப்போது மனப்பாடம் செய்யாதே, அவற்றைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நீ எண்ணப் பழகு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் மணிக்கட்டில் நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணு. பிறகு கையை விடாமல், நாடி பார்ப்பதுபோலவே பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணு. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சே மாறிவிடும். பெரியவர்களுக்கு ஓய்வில் நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. நூறு பேருக்கு எண்ணிவிட்டால், நூற்றியோராவது ஆளுக்கு ஏதோ சரியில்லை என்பது தொட்டதுமே உறைக்கும்.

அடுத்தது, கேள்வி கேட்பது. நான் சேர்ந்த புதிதில் விடியற்காலை நாலரைக்கு ஓர் அழைப்பு: பதினாலு வயதுப் பையனுக்கு வயிற்றுவலி. காயமில்லை, வீக்கமில்லை. என்னோடு வந்த மூத்தவர் ஒன்றுதான் கேட்டார்: “ராத்திரி எங்கே படுத்திருந்தாய்?” களத்துமேட்டில், வெறுந்தரையில். அவன் கண் இமைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. கட்டுவிரியன். அது கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, தடமும் தெரியாமல் போகும், மூச்சுத் தசைகள் ஒவ்வொன்றாக ஓயும். வழியெல்லாம் முகமூடியோடு இணைந்த காற்றுப்பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தபடியே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்தான்.

நீ விலங்கியல் படித்தவள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் நஞ்சும் உடலில் என்ன செய்யும் என்று இப்போதே படி. கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுவதும் கத்தியால் கீறுவதும் கூடாதென்று ஊரில் சொல்லத் தொடங்கு.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் சி.பி.ஆரைச் செஞ்சிலுவைச் சங்கம் அல்லது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்தும் முதலுதவி வகுப்பில், பொம்மையில் பழகு. உயிரோடிருப்பவர் நெஞ்சில் அழுத்திப் பார்க்கவே கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் குறைந்தது 5 செ.மீ. இரண்டே நிமிடத்தில் தோள் துவண்டுவிடும்.

பைலட்:
108-இல் ஓட்டுநர்களை இப்படித்தான் அழைப்பார்கள். அக்கா சொன்ன தோள் பலத்தோடு தொடை பலமும் வேண்டும், தங்கச்சி. ஸ்ட்ரெச்சரை இடுப்பை வளைத்துத் தூக்கி இரண்டாம் வருடமே முதுகைக் கெடுத்துக்கொண்டேன். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும். அரிசி மூட்டையில் பழகலாம், முதலில் பத்து கிலோ போதும்.

இன்னொன்று, வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் உட்கார்ந்து போனால் புதியவர்கள் பலருக்குக் குமட்டும். டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து குறிப்பெழுதிப் பழகு.

ஊர்களையும் தெரிந்துகொள். “மாரியம்மன் கோயில் பக்கம்” என்பார்கள், ஒரே ஊராட்சியில் மூன்று மாரியம்மன் கோயில் இருக்கும். எது ஏரிக்கரைக் கோயில், எது காலனிக் கோயில், மழைக்காலத்தில் எந்தத் தரைப்பாலம் மூழ்கும் என்பதெல்லாம் உன் நோட்டில் இருக்கட்டும்.

செஞ்சி மாணவி:
அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. நேற்றே தொடங்கிவிட்டேன். அம்மாவுக்கு மூச்சு 16, தம்பிக்கு 18. பாட்டிக்கு மட்டும் 28. தவறாக எண்ணிவிட்டேனா?

இரவுப்பணி:
நடந்து வந்ததும் எண்ணினாயா? அரை மணி நேரம் உட்கார வைத்து மறுபடியும் எண்ணு. கணுக்காலை விரலால் அழுத்திப் பார், குழி விழுகிறதா? இரவில் தலையணையை உயர்த்திப் படுக்கிறாரா என்று கேள். மூச்சு 24-க்குக் குறையவில்லை என்றால் நாளைக்கென்று வைக்காதே, இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போ.

செஞ்சி மாணவி:
உட்கார வைத்து எண்ணியும் 27, அக்கா. குழி விழுகிறது. மூன்று தலையணை வைத்துப் படுக்கிறாராம், இத்தனை நாள் எங்களிடம் சொல்லவில்லை. செஞ்சி அரசு மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம்.