இருத்தலியல் நாவல்கள்: எங்கே இடறுகிறது, எங்கே பிடி கிடைக்கிறது

வாழ்க்கைக்கு முன்கூட்டியே வைத்த அர்த்தம் கிடையாது, மனிதனே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற சிந்தனையோடு சேர்த்துப் பேசப்படும் நாவல்களை எப்படிப் படிப்பது என்று வெவ்வேறு வாசகர்கள் எழுதிய பதிவுகள் இவை.

ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' (1942), அம்மாவை அடக்கம் செய்த பிறகு கடற்கரையில் ஓர் அரேபியனைச் சுட்டுக் கொன்று கூண்டில் நிற்கும் மெர்சோவின் கதை. படித்த பலரும் "மெர்சோவுக்கு உணர்ச்சியே கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நாவலுக்குள்ளேயே இதற்கு எதிர்ச்சாட்சி இருக்கிறது. காதலி மாரி கிளம்பிப் போன பிறகு, அவள் கூந்தல் தலையணையில் விட்டுப்போன உப்பு வாசனையைத் தேடிக்கொண்டு படுத்திருக்கிறான் மெர்சோ. வெயிலும் கடலும் அவன் உடம்பில் உறைக்கும் அளவுக்கு வேறு யாருக்கும் உறைப்பதில்லை. உணராததை உணர்ந்ததாகச் சொல்லும் பழக்கம்தான் அவனிடம் இல்லை. வழக்கு நடப்பதே அதன்மேல்தான்.

முதல் பாகம் ஆறு அத்தியாயம், இரண்டாம் பாகம் ஐந்து. இரண்டாம் பாகத்தின் 3, 4ஆம் அத்தியாயங்களுக்கு வரும்போது ஒரு தாளை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் முதல் பாகத்தில் நடந்தது: பால் காபி குடித்தது, சிகரெட் பிடித்தது, அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றது, மறுநாள் கடலில் குளித்தது, ஃபெர்னாந்தெல் நடித்த சினிமாவுக்குப் போனது. வலப்பக்கம் அதை நீதிமன்றம் என்னவாக்குகிறது என்பது. காபியைக் கொடுத்ததே முதியோர் இல்லத்துக் காவலாளிதான். அரசு வழக்கறிஞரோ, அந்நியர் ஒருவர் காபி நீட்டலாம், பெற்றவளின் சடலத்துக்கு முன்னால் மகன் அதை மறுத்திருக்க வேண்டும் என்கிறார். தாள் நிரம்பிய பிறகு பாருங்கள், சுடப்பட்டவனைப் பற்றி அதில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. "இவர்மேல் உள்ள குற்றம் அம்மாவை அடக்கம் செய்ததா, ஆளைக் கொன்றதா?" என்று மெர்சோவின் வக்கீலே கேட்டுவிடுகிறார்.

*

இதோடு நடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'அந்நியன்' நாவலில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று 1943இல் எழுதிய கட்டுரையில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர் சொன்னார். முதல் பாகத்தில் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் எடுத்து 'அதனால்', 'ஆகவே' எவ்வளவு அரிதாக வருகிறது என்று பாருங்கள். சம்பவங்கள் அடுத்தடுத்து நிற்கும், ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்காது. பிறகு 6ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்கள். அதுவரை சிக்கனமாக வந்த உவமைகள் வெயிலோடு சேர்ந்து கொட்டுகின்றன. முதலில் ஒரு குண்டு, ஓர் இடைவெளி, பிறகு அசையாத உடலில் நான்கு. ஏன் இடையில் நிறுத்தினாய் என்று புலனாய்வு நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்கிறார், பதில் இல்லை. நாமாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அந்த இடைவெளியில் செருகினால், நீதிபதியின் நாற்காலியில்தான் உட்கார்கிறோம்.

ஒரு திருத்தமும்: தான் இருத்தலியல்வாதி இல்லை என்று காம்யு 1945இல் பேட்டியிலேயே சொல்லிவிட்டார். பரீட்சைத் தாள்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை!

*

தஸ்தயெவ்ஸ்கியின் 'நிலவறைக் குறிப்புகள்' (1864) பற்றி. பாதியில் கைவிடுபவர்கள் பெரும்பாலும் முதல் பகுதியிலேயே விடுகிறார்கள். பதினோரு அத்தியாயமும் நாற்பது வயதுக்காரன் ஒருவனின் வாதம்தான், கதை இல்லை. அவன் யாரோடு மல்லுக்கட்டுகிறான் என்று தெரியாவிட்டால் வெறும் புலம்பலாகத் தோன்றும். முந்தைய ஆண்டு ரஷ்ய எழுத்தாளர் செர்னிஷெவ்ஸ்கியின் நாவல் ஒன்று வந்திருந்தது. தன் நலன் எதுவென்று தெரிந்துவிட்டால் மனிதன் சரியாக நடப்பான் என்பது அதன் நம்பிக்கை. பளிங்கு மாளிகையையும் இரண்டும் இரண்டும் நான்கு என்பதையும் அவன் சீண்டுவதெல்லாம் அந்த நம்பிக்கையைக் குறிவைத்துத்தான்.

என் யோசனை: இரண்டாம் பகுதியை முதலில் படியுங்கள். நெவ்ஸ்கி வீதியில் எதிரே வரும் அதிகாரிக்கு ஒருமுறையாவது வழிவிடாமல் தோளோடு தோள் இடிக்க வேண்டும் என்பதற்காக, கடன் வாங்கி மேலங்கிக்கு பீவர் தோல் காலர் வைக்கிறான். இடித்தும் விடுகிறான். அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விருந்து நேரத்தை ஐந்திலிருந்து ஆறுக்கு மாற்றியதை நண்பர்கள் சொல்லாமல் விட, ஒரு மணி நேரம் காத்திருக்கிறான். பிறகு எட்டு முதல் பதினொன்று வரை அவர்கள் எதிரிலேயே குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். சுதந்திரம் பற்றிய வாதம் எந்த அவமானத்திலிருந்து ஊறியது என்று அப்போது தெரியும்.

*

'நிலவறைக் குறிப்புகள்' வரிசையை மாற்றிப் படிக்கச் சொல்லும் மேலே உள்ள பதிவோடு எனக்கு உடன்பாடில்லை. முதலில் வாதத்தில் அவன் நம்மை மயக்க வேண்டும், பிறகு விலைமகள் லீசாவின் கையில் ஐந்து ரூபிள் தாளைத் திணிக்கும்போது மயங்கியதற்காக நாம் கூச வேண்டும். ஆசிரியர் வைத்த பொறி அது. கடினமாக இருந்தால் நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும்.

சார்த்ரின் 'குமட்டல்' (1938) நாவலிலும் இதே தவறுதான். மரத்தின் வேர் வரும் பூங்காக் காட்சியை மட்டும் பிய்த்தெடுத்துப் படிக்கிறார்கள். அது நாவலில் வெகு தாமதமாக வருகிறது. அதற்கு முன் கடற்கரைக் கூழாங்கல், கதவுக் கைப்பிடி, காபிக்கடையில் அடோல்ஃபின் ஊதா நிறக் கால்சட்டைப் பட்டி என்று படிப்படியாகப் பொருள்கள் பெயரை உதறுகின்றன. நாயகன் ரொக்கான்தென் எழுதிவந்த வரலாற்று நூலும் கைவிட்டுப் போகிறது. பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாதபோதுதான் வேர். இந்தப் படிகளைத் தாண்டிவிட்டுப் போனால் "மரத்தைப் பார்த்து ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றுதான் கேட்கத் தோன்றும், நியாயம்தான்.

நூலகப் புத்தகங்களை அகரவரிசையில் படித்துக்கொண்டு வரும் சுயகல்விக்காரரை நகைச்சுவைப் பாத்திரமாக ஒதுக்க வேண்டாம். ஒழுங்கு இருந்தால் அர்த்தம் தானாக வரும் என்று நம்புபவர் அவர்.

*

காஃப்காவின் 'விசாரணை'க்கு ஒரே எச்சரிக்கை. அத்தியாய வரிசை அவர் முடிவுசெய்ததல்ல, அவர் இறந்தபின் நண்பர் மாக்ஸ் பிராட் அடுக்கி 1925இல் வெளியிட்டது. நடுவில் தொடர்ச்சி தேடி அல்லாட வேண்டாம். நாயகனின் முப்பதாவது பிறந்தநாள் கைதும் முப்பத்தொன்றாவதற்கு முந்தைய இரவின் கொலையும் உறுதியான இரு முனைகள். தமிழில் ஏ.வி. தனுஷ்கோடி செய்த மொழிபெயர்ப்பு இருக்கிறது; 'அந்நியன்' வெ. ஸ்ரீராம் நேராகப் பிரெஞ்சிலிருந்து செய்தது. இரண்டும் க்ரியா பதிப்பகம்.

*

'அந்நியன்' பற்றிய முதல் பதிவின் மடித்த தாளுக்கு மூன்றாவது கட்டம் ஒன்று தேவை: யார் சாட்சி சொல்லவில்லை? இல்லத்து இயக்குநர், காவலாளி, உணவக முதலாளி செலெஸ்த், மாரி, நாய் வளர்க்கும் சலமானோ எல்லோரும் கூண்டேறுகிறார்கள். ஓர் அரேபியர்கூட அழைக்கப்படவில்லை. இறந்தவனுக்குப் பெயரும் இல்லை. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவுத் 2013இல் வெளியிட்ட நாவலில் அவனுக்கு மூஸா என்று பெயர் வைத்து, தம்பி ஹாரூனைப் பேசவிட்டார். காம்யுவின் நாவல் அம்மாவின் சாவோடு தொடங்க, இது அம்மா இன்னும் உயிரோடிருப்பதோடு தொடங்குகிறது. காம்யுவை முடித்த சூட்டோடு எடுங்கள், ஆறப்போட்டால் எதிரொலிகளில் பாதி பிடிபடாது.