தம்பிக்கு என்ன பதில் சொல்வது?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தமிழ் சபையில் வாலிபர்களுக்கு வேதப்பாடம் எடுக்கிறேன்.

போன வாரம் மாற்கு 1:16-20 படித்தோம். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைப் படகில் விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போகிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. எனக்கு அழைப்பு வந்தா நானும் அப்படியே விட்டுட்டுப் போகணுமா?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. செபெதேயுவுக்காவது கூட கூலியாட்கள் இருந்தார்கள். இவன் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து தேடினேன். அதே அதிகாரத்தில் இயேசு சீமோனின் வீட்டுக்கே போய் அவன் மாமியின் ஜுரத்தைக் குணமாக்குகிறார். 5ஆம் அதிகாரத்தில், பிசாசு நீங்கிய மனிதன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியும், வீட்டாரிடம் போய்ச் சாட்சி சொல்லும்படி அனுப்பிவிடுகிறார். சீஷத்துவம், அதாவது இயேசுவின் சீஷனாக வாழ்வது என்றால் எல்லாருக்கும் வீட்டை விட்டுப் போவதுதான் என்று நான் நம்பவில்லை.

ஆனால் அந்தத் தம்பி அடுத்து, தாய் தகப்பனை வெறுக்காதவன் எனக்குச் சீஷனாயிருக்க முடியாது என்று இயேசு சொல்லும் லூக்கா 14:26-ஐத்தான் காட்டுவான். இந்த 'வெறுப்பது' என்பதை நீங்கள் வாலிபர்களுக்கு எப்படி விளக்கினீர்கள்? குடும்பத்தைத் தாங்கிக்கொண்டே ஊழியம் செய்தவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து எழுதுங்கள். ஞாயிறு மறுபடி வகுப்பு, அவன் வந்துவிடுவான்.