ஜப்பானிய ஆடைப் பொம்மைகள்: உடை உடுத்தப்படுகிறதா, உடலில் பதிக்கப்படுகிறதா?

கேள்வி

வணக்கம். ஜப்பானில் மார்ச் 3 அன்று வரும் ஹினா விழாவுக்கு அடுக்கி வைக்கப்படும் பேரரசர், பேரரசி பொம்மைகளின் செய்முறையைக் கற்க விரும்புகிறேன். சில குறிப்புகள் துணியை உடலில் வெட்டிய காடிகளில் (ஒடுங்கிய பள்ளங்களில்) செருக வேண்டும் என்கின்றன. வேறு சில, கிமோனோவைத் தைத்து உடுத்த வேண்டும் என்கின்றன. இவை ஒரே பொம்மையின் இரு கட்டங்களா, தனித்தனி முறைகளா? முகத்தின் பளபளப்பற்ற வெண்மை பீங்கானால் வருவதா? தையல் மட்டும் தெரிந்த ஒருவர் எதில் தொடங்கலாம்?

முதல் பதில்

இரண்டும் தனித்தனி முறைகள். காடியில் செருகுவது கிமெகோமி எனப்படும். கென்புன் காலத்தில் (1736–1741) கியோட்டோவின் காமோ ஆலயத்தில் பணியாற்றிய ஒருவர், எஞ்சிய வில்லோ மரத்துண்டுகளைச் செதுக்கித் துணித் துணுக்குகளைப் பதித்ததிலிருந்து இது தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. பின்னர், கிரி (பாலோனியா) மரத்தூளைக் கோதுமை மாவுப் பசையுடன் பிசைந்து அச்சில் வார்க்கும் உடல் வழக்கத்துக்கு வந்தது. இதில் மடிப்புகள் எங்கே விழும் என்பது உடலைச் செதுக்கும்போதே முடிவாகிவிடும்.

உடுத்தும் முறையில் உடல் என்பது பெரும்பாலும் இறுகக் கட்டிய வைக்கோல்தான், கைகளுக்குக் கம்பி. துணியின் பின்புறம் தாள் ஒட்டி விறைப்பூட்டி, தைத்து, உள்ளாடை முதல் மேலங்கி வரை அடுக்கடுக்காக உடுத்துவார்கள். அதன்பின் உடையோடு சேர்த்தே கைகளை வளைக்க வேண்டும். இந்த ஒரு செயலில்தான் தோளின் சரிவும் சட்டைக்கை விழும் விதமும் அமைகின்றன என்பதால், கைதேர்ந்தவர்கள் இதையே தம் கையெழுத்தாகக் கருதுகிறார்கள். கியோட்டோவில் தலை, கூந்தல், கை கால், சிறு அணிகள் ஆகியவற்றைத் தனித்தனிக் கைவினைஞர்கள் செய்ய, அவற்றை ஒன்றுசேர்த்து உடுத்துபவரின் பெயரே பொம்மைக்கு உரியதாகிறது. தையல் தெரிந்திருப்பதால் நீங்கள் இம்முறையிலேயே தொடங்கலாம்.

இரண்டாம் பதில்

முகம் பீங்கான் அன்று. சிப்பி ஓடுகளை நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடத்திப் பின் அரைத்தெடுத்த கோஃபுன் என்னும் வெண்பொடியை, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரப் பசையுடன் குழைத்துப் பலமுறை பூசுவதால் வரும் நிறம் அது. அடிப்பூச்சில் வஜ்ஜிரம் வலுவாகவும் மேலே போகப்போக மென்மையாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேற்பூச்சு சுருங்கி, கீழுள்ளதை இழுத்து வெடிக்கச் செய்யும். மூக்கும் உதடும் கெட்டியான கோஃபுனை வைத்து உயர்த்தப்படுகின்றன. கண்ணாடிக் கண்களோ பூச்சின் அடியில் முழுவதும் மறைந்து, பிறகு கத்தி முனையால் திறக்கப்படுகின்றன.

மேலே உள்ள கடைசி யோசனையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வைக்கோல் உடலில் உடுத்தத் தொடங்குபவருக்குத் தைப்பதைவிட வளைப்பதே தடையாகும். அதைத் தையல் அனுபவம் கற்றுத் தராது. கிமெகோமியிலோ தயார்த் தலையும் காடி வெட்டிய உடலும் கிடைக்கின்றன. அது எளியவர்களுக்கான சுருக்குவழி என்ற எண்ணமும் தவறு: ஆடைப் பொம்மைக் கலைக்காக 1955இல் ஹோரி ரியூஜோவுடன் ‘வாழும் தேசியச் செல்வம்’ என ஜப்பான் அரசால் ஏற்கப்பட்ட கலைஞர் ஹிராதா கோயோ, இந்த முறையையும் கையாண்டவர்தான்.

கேள்வி கேட்டவர்

நன்றி. அப்படியானால் கிமெகோமியிலேயே தொடங்குகிறேன். எந்தத் துணி ஏற்றது?

இரண்டாம் பதிலளித்தவர்

முதலில் மெல்லிய சிரிமென் பட்டுத் துணியை எடுங்கள். அதன் சுருக்க நெசவு சற்றே இழுபடும் என்பதால் தோள், முழங்கால் போன்ற வளைவுகளில் படிந்துவிடும். கியோட்டோவின் நிஷிஜின் சரிகைப் பட்டு அழகுதான், ஆனால் காடிக்குள் மடங்க மறுப்பதோடு வெட்டிய ஓரம் பிரியும். காடியில் பசையை அளவாகத் தடவி, துணியின் நடுப்பகுதியைப் படியவைத்த பின்னரே ஓரங்களை மழுங்கிய முனைக் கருவியால் செருகி, மிஞ்சியதை வெட்டுங்கள்.

முதல் பதிலளித்தவர்

வளைப்பைப் பற்றிச் சொன்னது சரியே. எனினும், தாள் ஒட்டிய துணியில் ஒரு கழுத்துப்பட்டை அடுக்கையாவது தனியே செய்து பாருங்கள். அதற்கு உடலே தேவையில்லை.