நம்ம வீடு (குழு): சின்ன மாமாவோட பச்சை எஞ்சின்

சின்ன மாமா (லெஸ்டர்): அருண், இருக்கியா? நம்ம மாடல் ரயில்ல பச்சை எஞ்சின் மறுபடியும் தகராறு. பாயிண்ட், அதான் தண்டவாளம் பிரியிற இடம், தாண்டும்போது திணறுது. அப்புறம் கன்ட்ரோலரைத் தொடாமலே முழு வேகத்துல பிச்சுக்கிட்டு ஓடுது. டீகோடர், அதான் கன்ட்ரோலர் சிக்னலைப் படிச்சு மோட்டாரை ஓட்டுற சின்ன போர்டு, போச்சு போல. புதுசு வாங்கிடட்டுமா?

அருண்: வேண்டாம் மாமா, பொறுங்க. செத்த டீகோடர் இப்படி ஓடாது. சிவி 29-ல, அதான் டீகோடர்ல செட்டிங் எண் இருக்கிற 29-வது இடத்துல, என்ன இருக்குன்னு படிங்க.

சின்ன மாமா: 6

அருண்: அதான். 6-ன்னா 2-ம் 4-ம் சேர்ந்தது. 2 வேகப் படிக்கு, அதாவது வேகம் எத்தனை படியா ஏறணும்ங்கிறதுக்கு. 4 இருந்தா, டிஜிட்டல் சிக்னல் இல்லாத சாதா டிசி தண்டவாளத்துலயும் ஓடலாம்னு அர்த்தம். பாயிண்ட்ல சிக்னல் ஒரு கணம் கெட்டாப் போதும், டிசின்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற வோல்டேஜை முழுசா மோட்டாருக்குத் தள்ளிடும்.

அருண்: 2-ன்னு எழுதுங்க. நாலு இலக்க முகவரி (கன்ட்ரோலர் எஞ்சினைக் கூப்பிடற எண்) வெச்ச எஞ்சின்னா 38 காட்டும், அதை 34 ஆக்கணும்.

தாத்தா: பாயறது நிக்கும். திணறல் எப்படிப்பா நிக்கும்? கரண்ட் எங்க விட்டுப்போகுதுன்னு பாக்கலையே.

அம்மா: அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கே திரும்பப் போயிட்டாரு 😄

அருண்: தாத்தா கேட்டதுதான் முக்கியம். பாயிண்ட் நடுவுல ரெண்டு தண்டவாளம் குறுக்கே சேர்ற துண்டு, ஃப்ராக், பிளாஸ்டிக்தானே மாமா? அங்க கரண்ட் கிடையாது. ஆறு சக்கர எஞ்சின், அது மேல ஒரு சக்கரம் ஏறினா மத்த சக்கரங்கதான் கரண்ட் எடுக்கணும். அதுல ஒண்ணு அழுக்கா இருந்தாலும் போச்சு.

சின்ன மாமா: இன்னொண்ணு. புரோகிராமிங் டிராக்ல (செட்டிங் படிக்க, எழுத இருக்கிற தனித் தண்டவாளம்) சிவி சில நேரம் படிக்குது, சில நேரம் எரர் வருது.

அருண்: அதுவும் இதே கோளாறா இருக்கலாம். படிக்கும்போது எஞ்சின் லேசா துள்ளுதுல்ல? டீகோடர் மோட்டாரை ஒரு நொடிக்கும் குறைவா உசுப்பி 60 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் இழுக்கும். அதுதான் அது சொல்ற பதில். சக்கரம் சரியாத் தொடலைன்னா பதில் போய்ச் சேராது.

அத்தை: அந்தப் பதில் இருக்கட்டும், இங்க சாம்பார் ஆறுது. கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்.

சின்ன மாமா: அஞ்சு நிமிஷம்மா 🙏

தாத்தா: எஞ்சினைக் கவுத்துப்போடு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னாடி கரண்ட் எடுக்கிற தகடு தொடுதான்னு பாரு. சும்மா கண்ணால பாக்காதே, மீட்டர் வெச்சுப் பாரு.

அருண்: அப்படியே டிஷ்யூல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைச்சு தண்டவாளத்து மேல போட்டு, எஞ்சினைப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தை ஓட விடுங்க. கறுப்பா வரும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், கீறல்ல அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

சின்ன மாமா: பாத்தேன். இடது பக்கம் நடுச் சக்கரத்துல தகடு தொடவே இல்ல! வளைச்சு விட்டுட்டேன், துடைச்சுட்டேன், 29-ல 2 எழுதியாச்சு. இப்ப படி 1-லயே பாயிண்ட்டை நகந்து தாண்டுது 👏👏

தாத்தா: 👍

சின்ன மாமா: அப்ப நீல எஞ்சின்? அதுல போன மாசம் போட்ட டீகோடர்ல பதிலே இல்ல. வேற ஒண்ணு மாட்டலாம்னு இருந்தேன்.

அருண்: ஐயோ மாமா, அதுல நேரா மாட்டிடாதீங்க. பழைய எஞ்சின்கள்ல மோட்டாரோட ஒரு முனை சேசிஸோட, அதான் உலோக அடிச்சட்டத்தோட, சேர்ந்திருக்கும். அப்படி இருந்தா புதுசும் எரிஞ்சுடும். டீகோடரைக் கழட்டிட்டு, ஆரஞ்சு, சாம்பல் ஒயர் போற மோட்டார் முனை ரெண்டையும் சக்கரத்தோட வெச்சு மீட்டர்ல பாருங்க. பீப் வரவே கூடாது, வந்தா சேர்ந்திருக்குன்னு அர்த்தம்.

அருண்: பீப் வரலைன்னா, டீகோடரைத் திரும்ப மாட்டி சிவி 8-ல 8 எழுதிப் பாருங்க. நிறைய டீகோடர் அதுல ரீசெட் ஆகும். முகவரி 3-க்குத் திரும்பிடும், ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்பவும் அசையலைன்னா அந்த டீகோடரை எடுத்து பச்சையில மாட்டிப் பாருங்க. அங்கயும் ஓடலைன்னாதான் புதுசு.

அத்தை: சாப்பிட்டுட்டு.

சின்ன மாமா: சரி சரி, வந்துட்டேன். மீட்டர் ரீடிங் ராத்திரி போட்டோ எடுத்துப் போடறேன் அருண்.