டேஞ்சர், வார்னிங், காஷன்: மூன்றுக்கும் மூன்று சொல் வேணுங்க

பல்லடம்:
வணக்கமுங்க. நூற்பாலை கார்டிங் மெஷின் கையேட்டைத் தமிழாக்குகிறேன், திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும். அமெரிக்கத் தரவிதி ஆன்சி இசட்535-படி சிவப்பில் 'டேஞ்சர்' இருந்தால், மீறினவனுக்கு உயிர்போவதோ பலத்த காயமோ நிச்சயம். ஆரஞ்சில் 'வார்னிங்' என்றால் அப்படி நேரக்கூடும். மஞ்சள் 'காஷன்' சின்னக் காயத்துக்கு. அபாயம், எச்சரிக்கை என்று முதல் இரண்டையும் முடித்துவிட்டேன். மூன்றாவதற்கும் எச்சரிக்கை என்றே எழுதினால் அப்புறம் மூன்று நிறம் எதுக்கு? ஜாக்கிரதை என்கிற பொருளில் 'பதனம்' போடலாமுங்களா? "பதனமாப் போ சாமி" என்று சொல்லாத வீடு நம்ம பக்கம் உண்டா?

தஞ்சாவூர்:
ஐயா, எங்களுக்குப் பதனம் என்றால் தோல் பதனிடுவதுதான். வடமொழியில் அதற்கு விழுதல் என்று பொருள். மாடிப்படியில் மாட்டினால் பொருத்தமாகவே இருக்கும்! அபாயமும் வடசொல்தான், பெயின்டர் ஒரு துணைக்காலை விட்டால் அபயம் ஆகி, டிரான்ஸ்பார்மரில் அடைக்கலம் தருவதாகிவிடும். அதற்கு 'ஏதம்' என்று வையுங்கள், வள்ளுவர் ஆண்ட சொல்.

கோபி:
ஏதம்னு எழுதினா ஷிப்டுக்கு வர்ற பையன் ஏதோ எழுதியிருக்குன்னு கையை விடுவானுங்க. தூய்மை பார்த்தால் எச்சரிக்கையும் நிற்காது. கன்னடத்தில் எச்சர என்றால் விழிப்பு, திம்பம் மலை தாண்டி கர்நாடகப் பக்கம் இறங்கினால் பலகையெல்லாம் 'எச்சரிகெ'தான். டேஞ்சர் மட்டும் யோக்கியமா? எசமான் என்று பொருள்படும் லத்தீன் டோமினுஸில் கிளம்பி, பிரெஞ்சு வழியே வந்தபோது அதற்குப் பொருள் பிரபுவின் அதிகாரம், அவர் பிடி. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில், கடன்பட்ட அன்டோனியோ வட்டிக்காரன் ஷைலக்கின் 'டேஞ்சருக்குள்' நிற்கிறானா என்று போர்ஷியா கேட்பது இந்தப் பிடியைத்தான். கந்துவட்டிக்கு வாங்கின தறிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கோயமுத்தூர்:
அண்ணா, ஷைலக்கை விடுங்க, திங்கட்கிழமை வந்துரும். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவள். காஷன் என்றால் என் பசங்களுக்கு அட்மிஷனில் கட்டின டெபாசிட்தான் ஞாபகம் வரும். 'கவனம்' போதும், எல்லா ஊருக்கும் புரியும்.

பல்லடம்:
சரிங்க அம்மணி, கவனம் என்றே போட்டு அனுப்புகிறேன். எனக்கு இதற்குமேல் தெம்பு இல்லை.

தஞ்சாவூர்:
அனுப்புங்கள். ஏதத்தை அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.

கோபி:
அதே தரவிதியில் நீலத்தில் 'நோட்டீஸ்' என்று நாலாவது ஒன்று இருக்குதுங்களே, அதுக்குக் 'கவனிக்கவும்' தானே போடுவீங்க? மறுபடி ரெண்டும் ஒண்ணாப் போச்சு. என் ஓட்டு பதனத்துக்கே.